கண்ணுக்குத் தெரியாத கடல் உயிர்களை ஏஆர் கலையில் காட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கரையில் நிற்கும் ஒருவருக்குக் கடலின் மேற்பரப்பு மட்டும்தான் தெரியும். அதற்குக் கீழேயும், மணல் துகள்களுக்கு நடுவிலும், பக்கத்துப் பாறையின் மேலேயும் இருக்கிற உயிர்களை அதே இடத்தில் ஃபோன் திரை வழியாகக் காட்டும் கலையைப் பற்றிய பக்கம் இது. இதைச் செய்துபார்க்க விரும்பும் ஓவியர்கள், ஆசிரியர்கள், அருங்காட்சியகக்காரர்கள், கடல் ஆய்வாளர்கள் வழக்கமாகக் கேட்கிற கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஏஆர் என்றால் என்ன? விஆரும் இதுவும் ஒன்றா?

ஒன்றல்ல. விஆர் எனப்படும் விர்ச்சுவல் ரியாலிட்டியில், கண்ணாடியை மாட்டிக்கொண்டதும் நிற்கிற இடமே மறைந்துபோகும். ஏஆர் எனப்படும் ஆக்மென்டட் ரியாலிட்டியில் நிற்கிற இடம் அப்படியே இருக்க, கேமரா காட்டும் காட்சிக்குள் ஒரு முப்பரிமாண உருவம் வந்து சேர்ந்துகொள்ளும். சுற்றி நடந்தால் அதன் முதுகைப் பார்க்கலாம், குனிந்தால் வயிற்றைப் பார்க்கலாம்.

புதிய கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். 1968-லேயே ஐவன் சதர்லேண்ட் தலையில் மாட்டும் திரையொன்றில் கம்பிக்கோட்டு உருவங்களை அறைக்குள் மிதக்கவிட்டார். 1999-ல் ஹிரோகாசு கட்டோ உருவாக்கிய ஏஆர்டூல்கிட் என்ற மென்பொருள் வந்தபிறகு, அச்சடித்த சதுரக் குறியின் மேல் உருவத்தை நிறுத்துவது சாதாரணக் கணினிக்கே கைவந்தது. 2017-ல் ஃபோனில் ஏஆர் செய்வதற்கான மென்பொருள் கருவிகளாக ஆப்பிள் ஏஆர்கிட்டையும் கூகுள் ஏஆர்கோரையும் அறிவித்தன. அதற்கப்புறம் கையிலிருக்கும் ஃபோனே போதும் என்றாகிவிட்டது.

கடலைப் பற்றி நல்ல ஆவணப்படங்கள் இருக்கின்றனவே, இது எதற்கு?

ஆவணப்படத்தில் வரும் கடல் எங்கோ இருக்கிறது. ஏஆரால் மட்டும்தான் “இங்கேயே, உங்கள் காலடியில்” என்று சொல்ல முடியும். என்னைப் பொறுத்தவரை இந்தக் கலையின் முழு பலமும் அந்த ஒன்றில்தான் இருக்கிறது. அதை விட்டுவிட்டு, ஒரு கடையின் நடுவில் திமிங்கிலத்தை நீந்தவிட்டால் இரண்டு நிமிடம் வேடிக்கையாக இருக்கும், அவ்வளவுதான்.

கொட்டலசை எடுத்துக்கொள்ளுங்கள். கடல் வற்றியிருக்கும் நேரத்தில் பாறையில் ஒட்டிக்கிடக்கும் வெள்ளைக் கூம்புகள். பலரும் அதைக் கல்லின் சொரசொரப்பு என்றே நினைத்து மிதித்துப் போவார்கள். உள்ளே இருப்பது நண்டுக்கும் இறாலுக்கும் உறவான ஒரு பிராணி. தண்ணீர் ஏறி மூடியதும் கூம்பின் உச்சியிலுள்ள தகடுகள் விலகும். இறகுபோல் பிரிந்த கால்கள் வெளியே வந்து, விரிந்து, தண்ணீரை வாரி, சுருண்டு உள்ளே போகும். மறுபடி வரும். தண்ணீருக்குள் தலையை விட்டால்தான் இது தெரியும். காய்ந்த பாறையில் நிற்கிறவர் ஃபோனைக் காட்டியதும், அவர் கண்ணெதிரே இருக்கும் அதே பாறையில் அந்தக் கூம்புகள் திறந்தால், அடுத்த அடியை அவர் பார்த்துத்தான் வைப்பார்.

எந்தெந்த உயிர்களைக் காட்டலாம்?

மறைந்திருப்பதற்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. எந்தக் காரணத்தால் மறைந்திருக்கிறதோ, அதுவே உங்கள் படைப்பின் கருவாக அமையும்.

சில மிகச் சிறியவை. டயட்டம்கள் கண்ணாடிக்கு மூலமான சிலிக்காவால் ஓடு கட்டிக்கொள்ளும் ஒருசெல் உயிர்கள். புரோக்ளோரோகாக்கஸ் என்ற பாக்டீரியா அதைவிட எத்தனையோ மடங்கு சிறியது. கடலெங்கும் நிறைந்திருந்தும் 1980-களில்தான் மனிதர் கண்ணில் பட்டது. உலகில் ஒளிச்சேர்க்கையால் உண்டாகும் ஆக்சிஜனில் ஏறக்குறைய பாதி இப்படிப்பட்ட மிதவை உயிரிகளின் உழைப்பு. மணல் துகள்களின் இடுக்கில் வாழ்கிறவையும் இந்த வகைதான். பிரான்சின் ரோஸ்கோஃப் பக்கத்தில் கடலடி மணலிலிருந்து எடுத்த நுண்பிராணிகளைப் பார்த்து, லோரிசிஃபெரா என்ற முற்றிலும் புதிய விலங்குத் தொகுதியையே 1983-ல் ரெய்ன்ஹார்ட் கிறிஸ்டென்சன் விவரித்தார். மனிதன் நிலாவுக்குப் போய்வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆனபிறகு!

சில ஒளி ஊடுருவுகிறவை. இதில் எனக்கு மிகவும் பிடித்தது லார்வேசியன் என்ற மிதக்கும் சிறு பிராணி. ராட்சத லார்வேசியன் என்று சொல்லப்படுவதற்கே உடல் 10 சென்டிமீட்டரைத் தாண்டாது. ஆனால் தன்னைச் சுற்றி அது சுரந்து கட்டும் சளி வீடு 1 மீட்டர் அகலம்கூட வரும். உள்ளே அறைகள், வடிகட்டிகள், தண்ணீர் ஓடும் வழிகள். தொட்டால் குலைந்துவிடும் என்பதால் வலைபோட்டு எடுக்க முடியாது. கலிஃபோர்னியாவிலுள்ள எம்பாரி ஆய்வு நிறுவனத்தில் ககானி கதீஜாவின் குழு லேசர் ஒளித் தகடு ஒன்றை அந்த வீட்டின் ஊடாக நகர்த்தி, அடுக்கடுக்காகப் படமெடுத்து, உள்ளமைப்பை முப்பரிமாணத்தில் மீட்டது. 2020-ல் அந்த ஆய்வு வெளியானது. ஏஆர் ஓவியருக்கு இதைவிட நல்ல பொருள் கிடைக்குமா என்று தெரியவில்லை. ஒருவர் நடந்து உள்ளே போகக்கூடிய அளவுக்கு அந்த வீட்டைக் கட்டிக்காட்டலாம்.

சில வேறு நேரத்தில் வருகிறவை. பவளத்தைக் கட்டும் சிறு பிராணிகளான பாலிப்புகளில் பலவும் இரவில்தான் கைகளை நீட்டும். பகலில் பார்த்தால் வெறும் கல். ஆழத்தில் இருட்டில் பதுங்கியிருக்கும் கணக்கற்ற சிறு மீன்களும் இறால் வகைகளும் மிதவை உயிரிகளும் பொழுது சாய்ந்ததும் இரை தேடி மேலே ஏறி, விடியும்முன் இறங்கிவிடும். உலகத்திலேயே பெரிய இடப்பெயர்ச்சி இது, தினமும் நடக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஒலியை அனுப்பி அதன் எதிரொலியால் ஆழம் அறியும் கப்பல்களின் சோனார் கருவிகள் இந்தக் கூட்டத்தைக் கடலின் தரை என்றே காட்டின. இரவானால் அந்தத் “தரை” மேலே வந்தது. இதை வைத்துப் படைப்பு செய்தால் சூரியன் மறையும் நேரத்தில் மட்டும் திறக்கும்படி செய்யுங்கள். மத்தியானத்தில் வந்தவருக்கு வெற்று நீலம் மட்டும் தெரியட்டும், சாயங்காலம் வரச்சொல்லி ஒரு வரி போதும்.

மீதி ஆழ்கடல். 200 மீட்டருக்குக் கீழே ஒளிச்சேர்க்கைக்குப் போதுமான வெளிச்சம் இல்லை, 1,000 மீட்டருக்குக் கீழே சூரிய ஒளியே இல்லை.

நுண்ணுயிரை யானை அளவுக்குக் காட்டினால் தப்பாகப் புரிந்துகொள்ள மாட்டார்களா?

தப்பாகத்தான் புரிந்துகொள்வார்கள். ஆகவே பெரிதாக்குவதையும் படைப்பின் பகுதியாக்கிவிடுங்கள். முதலில் உண்மையான அளவில் ஒரு புள்ளியாகக் காட்டி, பார்வையாளர் நெருங்க நெருங்க அது வளரட்டும். பின்வாங்கினால் மறுபடி புள்ளியாகட்டும். “500 மடங்கு பெரிதாக்கப்பட்டது” என்று மூலையில் எழுதிவைப்பதைவிட இது நன்றாக மனதில் பதியும். எழுதவும் செய்யுங்கள்.

பெரிய உயிர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. நீலத் திமிங்கிலத்தை உண்மையான நீளத்தில் நிறுத்துவது ஏஆரில்தான் சுலபம்.

இதுவரை யாராவது செய்திருக்கிறார்களா?

இருக்கிறார்கள். நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தின் மொட்டைமாடியில் 2018-ல் தமிகோ தீல் காட்சிக்கு வைத்த “அன்எக்ஸ்பெக்டட் குரோத்” படைப்பை முதலில் சொல்வேன். பிளாஸ்டிக் கழிவால் ஆன பவளத்திட்டு ஒன்று அந்த மாடியில் வளர்ந்து நிற்கும். செடிகள் கிளைவிடும் முறையை விவரிக்கும் லிண்டன்மேயர் விதிகளைக் கொண்டு அந்தக் கிளைகளை வளரவைத்திருந்தார். பார்க்கிறவர்கள் அதிகமாக அதிகமாகப் பவளங்கள் நிறமிழந்து வெளுக்கும். பார்ப்பதற்கும் ஒரு விலை உண்டு என்பதை இப்படிச் சொல்லலாம் என்று எனக்கு அதற்குமுன் தோன்றியதில்லை.

அதே வருடம் மெல் சின் டைம்ஸ் சதுக்கத்தில் “அன்மூர்டு” என்ற படைப்பை வைத்தார். தலைக்குமேல் கடல்மட்டம் உயர்ந்துவிட்டதாகவும், கப்பல்களின் அடிப்பக்கங்கள் வானத்தில் நெரிசலாக மிதப்பதாகவும் காட்சி. லண்டனில் 2019-ல் யாகோப் குட்ஸ்க் ஸ்டீன்சன் செய்த “தி டீப் லிஸனர்” கடலைப் பற்றியது அல்ல. ஆனால் ஹைட் பூங்காவிலும் கென்சிங்டன் தோட்டத்திலும் அங்கேயே வாழ்கிற வௌவால், கிளி, ஊசித்தட்டான், நாணற்புதர், பிளேன் மரம் ஆகியவற்றையே எடுத்துக்கொண்டு, நடந்துபோகிறவர் கேட்டும் பார்த்தும் உணரவைத்தார். இடத்துக்கு உண்மையாக இருப்பது எப்படி என்று கற்றுக்கொள்ள அது நல்ல பாடம்.

ஓவியரின் கற்பனைக்கு எவ்வளவு இடம்? எல்லாமே விஞ்ஞானப்படிதான் இருக்க வேண்டுமா?

நிறத்திலும் தாளத்திலும் கதையிலும் தாராளமாக இடமுண்டு. உயிரின் உடம்பிலும் பழக்கத்திலும் கிடையாது. பார்வையாளரிடம் “இது இங்கே வாழ்கிறது” என்று சொல்லிவிட்டு, இல்லாததைக் காட்டினால் அவர் அதை நம்பிவிடுவார். சரிபார்க்க அவருக்கு வேறு வழியே இல்லை.

அடிக்கடி நடக்கும் பிழைகள் சில. சீப்பு ஜெல்லியின் உடலில் ஓடும் வானவில் நிறங்கள் அதன் சொந்த ஒளி என்று நினைத்து, இருட்டில் பலநிறமாக ஒளிரவிடுகிறார்கள். அந்த வானவில், வெளியிலிருந்து விழும் வெளிச்சம் அதன் எட்டு வரிசை நுண்மயிர்கள் அசையும்போது சிதறுவதால் வருவது. இருட்டில் அது தெரியாது. சீப்பு ஜெல்லிகள் பலவும் தாமே ஒளிரவும் செய்யும், ஆனால் அது நீலமும் பச்சையும் கலந்த ஒளி. கடலில் உயிரொளிர்வு பெரும்பாலும் நீலம்தான், ஏனென்றால் தண்ணீரில் அதிக தூரம் போகிற நிறம் அது. சிவப்போ முதல் சில மீட்டரிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். ஆழத்தில் வாழ்கிற சிவப்பு இறால், அதனால், இருட்டில் கருப்பாகவே இருக்கும். நம் விளக்கு பட்டால்தான் சிவக்கும். பார்வையாளரின் ஃபோனையே டார்ச்சாக்கி, வெளிச்சம் படுகிற இடத்தில் மட்டும் சிவப்பு தெரியும்படி செய்துபாருங்கள். அறிவியலும் அழகும் ஒரே இடத்தில் வந்து நிற்கும்.

பிளாப் மீன் கதையும் இதேதான். உலகமே பார்த்துச் சிரித்த அந்தத் தொங்கிய மூக்கு, ஆழத்தின் அழுத்தத்திலிருந்து மேலே இழுத்ததால் சிதைந்துபோன உடம்பு. தன் இடத்தில் அது பெரிய தலையுள்ள சாதாரண மீனாகத்தான் இருக்கும். அதன் இயல்பான தோற்றத்தை அதற்குத் திருப்பிக் கொடுப்பது ஓவியர் செய்யக்கூடிய நியாயமான வேலை.

இந்தப் பொறுப்பு புதிதும் அல்ல. 1934-ல் வில்லியம் பீபும் ஓட்டிஸ் பார்ட்டனும் பெர்முடா கடலில் ஒரு இரும்பு உருண்டைக்குள் அமர்ந்து 923 மீட்டர் ஆழம்வரை இறங்கினார்கள். பீப் சிறு ஜன்னல் வழியாகக் கண்டதைத் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, மேலே கப்பலில் குளோரியா ஹோலிஸ்டர் குறிப்பெடுத்தார். அந்த விவரிப்புகளிலிருந்து எல்ஸ் பாஸ்டல்மன் ஆழ்கடல் உயிர்களை வரைந்தார். பீப் கண்டதாகச் சொன்ன மீன்களில் சில அதற்குப்பின் யார் கண்ணிலும் படவில்லை. உங்கள் படைப்பிலும் உறுதியாகத் தெரிந்ததையும் ஊகித்ததையும் பிரித்துக் காட்டுங்கள். ஊகத்தைக் கோட்டோவியமாக மட்டும் விடலாம், தெரிந்ததை முழு உருவமாக்கலாம்.

3டி மாதிரிகள் எங்கே கிடைக்கும்?

முதலில் இருப்பதைத் தேடுங்கள். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் 2020-ல் தன் சேகரிப்பின் இலட்சக்கணக்கான படங்களையும் பல முப்பரிமாண மாதிரிகளையும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டது. ஓவெர்ட் திட்டத்தில் ஆயிரக்கணக்கான முதுகெலும்பிகளின் சிடி ஸ்கேன்கள் எடுக்கப்பட்டு மார்ஃபோசோர்ஸ் தளத்தில் இருக்கின்றன; மீன்களின் எலும்புக்கூட்டுக்கு அது பொக்கிஷம். மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் டிஜிட்டல் லைஃப் திட்டம் உயிருள்ள கடலாமைகளைப் பல கோணங்களில் படமெடுத்து மாதிரியாக்கியிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் உரிமம் வேறு. சிலது முழுக்கச் சுதந்திரம், சிலதில் பெயர் சொல்ல வேண்டும், சிலதை வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. வேலையைத் தொடங்கும்முன் படித்துவிடுங்கள், முடித்தபிறகு படித்தால் மனவேதனைதான்.

மென்மையான உயிர்களுக்கு ஸ்கேன் கிடைப்பது அரிது, கையால்தான் செய்ய வேண்டும். 19-ம் நூற்றாண்டில் லியோபோல்ட் பிளாஷ்காவும் மகன் ருடால்ஃபும் ஜெல்லி மீன்களையும் கடல் சாமந்திகளையும் கண்ணாடியில் செய்ததற்குக் காரணமும் இதுவே: சாராயத்தில் போட்டு வைத்தால் அவை நிறம்போய், உருவம் குலைந்துவிடும். அந்தக் கண்ணாடி உருவங்களின் படங்களை உட்கார்ந்து பாருங்கள். எதை விட்டுவிடலாம், எதை விடக் கூடாது என்பது புரியும்.

கடற்கரையில் வைத்துப் பார்த்தால் உருவம் வழுக்கிக்கொண்டே போகிறது. ஏன்?

அறையில் அருமையாக நின்ற உருவம் கரையில் நிற்காது, எல்லாருக்கும் நடப்பதுதான். ஃபோன் தன் இருப்பிடத்தை எப்படி அறிகிறது? கேமரா காட்சியில் மூலைகள், கீறல்கள், புள்ளிகள் போன்ற அசையாத அடையாளங்களைப் பிடித்து, அவை திரையில் நகர்வதை அசைவு உணரியின் தகவலோடு சேர்த்துக் கணக்குப் போடுகிறது. தண்ணீரில் அடையாளங்கள் எல்லாமே ஓடிக்கொண்டிருக்கும். ஈரமணலில் வானம் பிரதிபலிக்கும். கணக்கு தப்பிவிடும்.

தீர்வு, தண்ணீரை நம்பாமல் திடமான ஒன்றைப் பிடிப்பது. பாறை, சுவர், படிக்கட்டு, அறிவிப்புப் பலகை, தரையில் பதித்த ஓவியம் எதுவானாலும் சரி. ஓவியத்தையே அடையாளக் குறியாக வைத்தால், ஃபோன் இல்லாதவருக்கும் பார்க்க ஏதோ ஒன்று இருக்கும். ஜிபிஎஸ்ஸை மட்டும் நம்பாதீர்கள். திறந்த வெளியிலேயே சில மீட்டர் பிசகும். தொலைவில் தாவும் திமிங்கிலத்துக்கு அது பரவாயில்லை, பாறையில் ஒட்டிய கொட்டலசுக்கு ஆகாது.

வெயில் இன்னொரு தொல்லை. ஒளி ஊடுருவும் உயிரைப் பிரகாசமான வானத்தின் முன் வைத்தால் காணாமல் போய்விடும். தரையில் ஒரு இருண்ட கிணறு திறப்பதுபோல் செய்து, அதற்குள் அதை மிதக்கவிட்டால் தெளிவாகத் தெரியும். ஃபோன் சூடாகித் திரை மங்குவதற்குள் காட்சி முடிய வேண்டும், ஆகவே இரண்டு மூன்று நிமிடம் போதும்.

தண்ணீருக்குள்ளேயே செய்ய முடியாதா?

சாதாரண ஃபோனில் முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஜிபிஎஸ் சமிக்ஞை நீருக்குள் வராது, தொடுதிரை ஈரத்தில் தடுமாறும், ஒளிவிலகலால் பொருட்கள் கிட்டத்தில் இருப்பதுபோல் தோன்றி கேமராவின் கணக்கைக் கெடுக்கும். அமெரிக்கக் கடற்படை முக்குளிப்பவர்களின் ஹெல்மெட்டுக்குள் சோனார் காட்சியைக் காட்டும் கருவியை உருவாக்கியிருக்கிறது, ஆனால் அது கலங்கிய நீரில் வேலை செய்வதற்கான கருவி.

தனி ஆப் வேண்டுமா, உலாவி போதுமா?

பொது இடத்துக்கு உலாவிதான் என் தேர்வு. கியூஆர் குறியைக் காட்டியதும் திறக்க வேண்டும். கரையில் நின்று யாரும் பெரிய ஆப்பை இறக்கிக்கொண்டிருக்க மாட்டார்கள். ஒரே ஒரு நிறுவனத்தின் மேடையை நம்பிக் கட்டாதீர்கள். மெட்டா நிறுவனத்தின் ஏஆர் மேடையான மெட்டா ஸ்பார்க் 2025 ஜனவரியில் மூடப்பட்டபோது வெளியார் செய்துவைத்த எத்தனையோ ஏஆர் படைப்புகள் ஒரேநாளில் போய்விட்டன. மூல மாதிரிகளையும் ஒலிகளையும் ஜிஎல்டிஎஃப் (3டி மாதிரிகளுக்கான கோப்பு வகை) போன்ற பொதுவான வடிவத்தில் உங்கள் கையில் வைத்திருங்கள்.

ஒலி தேவையா?

கட்டாயம். பவளத்திட்டில் சொடுக்கு இறால்களின் படபடப்பு ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். துடுப்புத் திமிங்கிலத்தின் குரல் சுமார் 20 ஹெர்ட்ஸ், நம் காதின் கீழ் எல்லையில் இருப்பது. வேகத்தைக் கூட்டினால்தான் கேட்கும், கூட்டியிருக்கிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் ஒலியை மட்டும் வைத்தே படைப்பை அனுபவிக்கும்படி ஒரு வழி அமைப்பதும் உங்கள் கடமை.

இதனால் அந்த உயிர்களுக்கே தொந்தரவு வராதா?

வரலாம். நல்ல படைப்பு கூட்டத்தைக் கூட்டும், கூட்டம் பாறைகளை மிதிக்கும். ஆகவே பார்க்கும் இடத்தை உயிர்கள் வாழும் இடத்திலிருந்து சற்றுத் தள்ளி, உறுதியான தரையில் அமையுங்கள். அலை ஏறும் நேரத்தில் காட்சி தானாக மூடிக்கொள்ளட்டும். திரையைப் பார்த்துக்கொண்டே நடப்பவர் அலையைப் பார்க்க மாட்டார். அரிய உயிர்களின் துல்லியமான இருப்பிடத்தை ஒருபோதும் வெளியிடாதீர்கள். பொதுமக்கள் தாங்கள் கண்ட உயிர்களைப் படத்தோடு பதிவிடும் ஐநேச்சுரலிஸ்ட் தளம் அழியும் நிலையிலுள்ள இனங்களின் இடத்தை வேண்டுமென்றே சுமார் 20 கிலோமீட்டர் அகலக் கட்டத்துக்குள் கலைத்துக் காட்டுகிறது. அதே கவனம் நமக்கும் வேண்டும்.

இது கடலைக் காப்பாற்றுமா?

வியப்பு மட்டும் எதையும் காப்பாற்றாது. பார்த்து முடித்தவர் கையில் ஃபோன் இருக்கிறது, கேமரா திறந்திருக்கிறது. அந்த நிமிடத்தில் பக்கத்திலிருக்கும் உண்மையான உயிர் ஒன்றைப் படமெடுத்து ஐநேச்சுரலிஸ்ட்டில் பதிவிடச் சொல்லுங்கள். ஒரு இடத்தில் என்ன வாழ்ந்தது என்ற பதிவு இருந்தால்தான், நாளைக்கு அது இல்லாமல் போனால் யாராவது கேட்க முடியும்.

முதன்முதலாகச் செய்கிறேன். எதில் தொடங்குவது?

ஒரே ஒரு உயிர், ஒரே ஒரு பாறை. கடல் வற்றும்போது போய் அந்த இடத்தில் என்ன வாழ்கிறது என்று பாருங்கள், கடல் உயிரியல் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனால் நல்லது. தண்ணீர் ஏறியபின் அதே பாறையை நீர்புகாத கேமராவில் பதிவுசெய்யுங்கள். அந்த உயிரின் அசைவு மனப்பாடமாகும்வரை பார்த்து, வரைந்து, அப்புறம் மென்பொருளைத் திறவுங்கள். செய்ததை அந்த உயிரியலாளரிடம் காட்டி, அவர் தப்பு என்று சொல்கிற இடத்தையெல்லாம் திருத்துங்கள். பிறகு முன்பின் தெரியாத ஒருவர் கையில் ஃபோனைக் கொடுத்துவிட்டு, எதுவும் விளக்காமல் தள்ளி நின்று கவனியுங்கள். அவர் திரையிலிருந்து கண்ணை எடுத்துப் பாறையைக் குனிந்து பார்க்கிறாரா என்பதுதான் கேள்வி. பார்க்கவில்லையென்றால் உருவத்தைக் குறைத்துவிட்டு மறுபடி முயலுங்கள்.